கறுப்பாக்கிய தகடு, வெளுப்பாக்கிய பென்சில்

திண்டுக்கல்லை ஒட்டிய அகரம், தாடிக்கொம்புப் பக்கத்து நடுத்தர வீடு எதிலும் முன்னறைச் சுவர் ஒரு சிறு கண்காட்சிதான். மறைந்த தாத்தாவின் ஸ்டுடியோ படம், அதைச் சுற்றிச் சீரியல் பல்பு. மகனின் கல்யாணப் படம். ஜவுளிக்கடை கொடுத்த பழனி முருகன் காலண்டர். பேத்தியின் சடங்குக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது. எது முன்னறைக்கு, எது பரணுக்கு, யார் பக்கத்தில் யார் என்பதையெல்லாம் வீட்டாரே முடிவு செய்கிறார்கள். அருங்காட்சியகத்தில் சம்பளம் வாங்கும் காப்பாட்சியர் செய்யும் வேலையும் இதுவே. இந்தச் சுவர்களில் பொதுவாக ஒன்றைக் கவனிக்கலாம்: படத்தில் இருப்பவர்கள், அதன் கீழே உட்கார்ந்து டிவி பார்க்கும் சொந்தக்காரர்களைவிட ஓரிரு சாயல் வெளுத்திருப்பார்கள். முருகனும் அப்படியே. மலைமேல் நவபாஷாணத்தால் ஆனதாகச் சொல்லப்படும் மூலவர் கருத்த மேனியர். காலண்டரில் பெரும்பாலும் ரோஜா நிறப் பாலகன். இதற்கு நேர்மாறாக, நூறு ஆண்டுகளுக்கு முன் அரசாங்கமும் ஆய்வாளரும் எடுத்த தமிழர் படங்களில் மக்கள் தங்கள் இயல்பான நிறத்தைவிடக் கருத்துத் தெரிகிறார்கள். ஒரே ஜனம், ஒரு குவியலில் கறுப்பு, மறு குவியலில் வெளுப்பு. படத்தில் தெரியும் நிறம் படத்திலிருப்பவரின் நிறம் என்ற நம்பிக்கையை இந்த இரண்டு குவியலும் சேர்ந்தே உடைத்துவிடுகின்றன. படத்தின் நிறம் வேலையால் வருவது. தகடு, வெளிச்சம், பென்சில், அச்சு மை, கீழே எழுதும் பெயர் எல்லாம் அந்த வேலையில் அடங்கும். நிறவெறி குடியிருப்பதும் அங்கேதான். எனவே பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் அந்த வேலையை விட்டுவிட்டு முகங்களை மட்டும் எடுத்துக் காட்டினால், பழைய வேலையையே தொடர்கிறார்கள் என்பது என் வாதம்.

முதலில் தகட்டைப் பார்ப்போம், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1851-ல் வந்த ஈரக் கொலோடியன் முறையும் அதன்பின் வந்த உலர் தகடுகளும் நீல, ஊதா ஒளியைத்தான் நன்றாக உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. நம் மேனி எதிரொளிப்பதில் அந்தச் சிவப்பு, மஞ்சள் பங்குதான் அதிகம். அதனால் மாநிற மேனியைத் தகடு கருமையாகவும், கருமேனியைக் கண் மூக்கு தெரியாத நிழலாகவும் பதிந்தது. ஐரோப்பிய முகங்களையும் அது சும்மா விடவில்லை. வெயிலில் சிவந்த கன்னமும் செம்புள்ளிகளும் கருந்திட்டாக விழுந்தன. ஆனால் லண்டன், பாரிஸ் ஸ்டுடியோக்களில் அதைக் குறை என்று கண்டு பென்சிலால் திருத்த ஆள் வைத்தார்கள். 1873-ல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர் சாயம் கலந்து தகட்டைப் பச்சை ஒளிக்கும் பழக்கினார். எல்லா நிறத்தையும் உணரும் தகடு 1906-ல்தான் கடைக்கு வந்தது. அதற்குமுன் மெட்ராஸ் மாகாணத்தில் எடுத்த படம் எதுவானாலும், அதிலிருக்கும் கருமையில் ஒரு பங்கு வெள்ளி உப்பின் பங்கு. தகடு யாரையும் வெறுக்கவில்லை, அது ரசாயனம் என்று சொல்லலாம். சரிதான். யாருடைய முகத்தில் விழுந்த பிழை திருத்தப்பட்டது, யாருடைய முகத்தில் விழுந்த பிழை சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது மட்டும் ரசாயனம் ஆகாது.

சான்றாக எடுத்துக்கொண்ட இடம் அருங்காட்சியகம். 1857 கிளர்ச்சிக்குப் பின் தான் ஆளும் ஜனத்தை அடையாளம் காணும் அவசரம் ஆங்கில ஆட்சிக்கு வந்தது. வாட்சனும் கேயும் தொகுத்த ‘இந்திய மக்கள்’ என்ற எட்டுத் தொகுதி 1868 முதல் 1875 வரை வெளிவந்தது. நானூறுக்கும் மேற்பட்ட படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குலப் பெயர், கூடவே அந்தக் குலத்தின் குணம் என்று சில வரிகள். 1869-ல் லண்டனில் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, பேரரசின் மக்களை நிர்வாணமாக, நேராகவும் பக்கவாட்டிலும், அளவுகோல் அருகே நிறுத்திப் படமெடுக்க விதிமுறை வகுத்தார். அதே ஆண்டில் லாம்ப்ரே என்பவர் பட்டு நூலால் இரண்டங்குலச் சதுரங்கள் கட்டிய திரையை ஆளுக்குப் பின்னால் நிறுத்தும் உபாயத்தைச் சொன்னார். அந்தமானில் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி எடுத்த படங்களில் இந்தக் கட்டம் போட்ட திரையை இன்றும் பார்க்கலாம். மெட்ராஸில் இந்த மரபின் பெயர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்துச் சாதிகளை வரிசைப்படுத்தலாம் என்ற ஹெர்பர்ட் ரிஸ்லியின் கொள்கை ஓங்கியிருந்த காலம் அது. தர்ஸ்டன் இடுக்கிமானியும் கேமராவுமாக ஊர் ஊராகப் போனார். 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ அதன் விளைவு. வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்ல உருப்படிகளைப் பஞ்சடைத்து மெட்ராஸ் அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார்கள் என்று பயந்ததை அவரே வேடிக்கையாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண்களுக்கு விஷயம் புரியவில்லை என்றா சொல்வது? என் கணக்கில், அந்த ஏழு தொகுதிகளையும் பற்றிய முதல் சரியான விமர்சனம் அவர்களுடையது. பஞ்சு ஒன்றுதான் குறைந்தது.

தர்ஸ்டன் தொகுதிகளில் படத்தின் கீழ் இருக்கும் பெயரைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் ஒற்றைச் சொல்: பறையன், கள்ளன், பணியன். ஆளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அன்றைய தேதி இல்லை. ஒருவர் நின்றார், ஒரு சாதி படமாகிவிட்டது. இந்த வேலை அருங்காட்சியகத்துக்கு மட்டும் உரியதல்ல. கலை என்று கொண்டாடப்படும் படங்களிலும் இதுவே நடந்தது. ஆங்கிலப் புகைப்படக் கலையின் பெருமையாகச் சொல்லப்படும் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875-ல் இலங்கைக்குக் குடிபோய், 1879-ல் திக்கோயாவில் இறந்தவர். இங்கிலாந்தில் அவர் மேரி மாதாவாக நிறுத்திப் படமெடுத்த வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியரின் பெயர் கலை வரலாற்று நூல்களில் இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்த உள்ளூர் மக்களின் படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெயரின்றி இருக்கிறார்கள். அவர்களில் தோட்டத்துத் தமிழரும் உண்டு என்பது ஆய்வாளர் கருத்து. இரு பக்கமும் வேலைக்காரர்களே. ஒருவர் ஆளாகவும் மற்றவர் வகையாகவும் போய்ச் சேர்ந்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, மெட்ராஸ் மாகாணத்தில் வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்களில் விலா எலும்பு எண்ணும்படி நிற்கும் குடும்பங்கள், உயரவாரியாக, ஒரு திருமணக் குழுப்படம்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. நிற்க முடியாதவர்களை அப்படி நிறுத்தி வைத்தது யார் என்பதைப் படம் சொல்லாது. இதே ஹூப்பர்தான் 1886-ல் பர்மாவில் மரண தண்டனையின் கணத்தைத் தகட்டில் பிடிப்பதற்காகத் துப்பாக்கிக் கட்டளையைத் தாமதப்படுத்தினார் என்று விசாரணைக்கு ஆளானவர். தமிழ் இணைய உலகில் ‘அரிய படம்’ என்று சுற்றிவரும் பஞ்சப் படங்களில் பல அவருடையவை. பகிர்பவர்கள் பெரும்பாலும் அவர் பெயரைச் சொல்வதில்லை.

படம் எடுத்தவர் வெள்ளைக்காரர் என்பதால்தான் இப்படி என்று முடித்துவிட்டால் சௌகரியமாக இருக்கும். ஆனால் தர்ஸ்டன் நூல்களுக்குப் பல படங்களைத் தந்தவர் அவருடைய துணையாளர் கே. ரங்காச்சாரி, தென்னிந்தியர், படித்தவர். மூக்கை அளக்கும் கண் எந்த நிறத்து முகத்திலும் பொருந்தும். அளவையும் படமும் புத்தக அலமாரியில் நின்றுவிடவும் இல்லை. தர்ஸ்டன் மெட்ராஸ் போலீசாருக்கு உடலளவை முறையைக் கற்றுக்கொடுத்தார். ஒரு சாதிக்கு ஒரு முகம், ஒரு குணம் என்று நூல் நிறுவியதும், ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளியாகப் பதிவு செய்யும் சட்டம் நியாயமாகத் தோன்றத் தொடங்கியது. 1911-ல் விரிந்த குற்றப் பரம்பரையினர் சட்டம் பிரமலைக் கள்ளர்மேல் பாய்ந்தபோது, ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். விரல் ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உள்ளிட்டோர் இறந்தார்கள். சட்டம் மெட்ராஸில் 1947-ல் நீங்கியது. அந்தக் காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி மாவட்டங்களோடு திண்டுக்கல் மாவட்டத்திலும் இன்றும் அந்தப் பெயரிலேயே நடக்கின்றன. நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் அவற்றில் படிக்கிறார்கள். ஒரு படத்தின் கீழ் எழுதிய ஒற்றைச் சொல் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இனி ஸ்டுடியோ. அரசாங்கக் கேமரா முன் நிறுத்தப்பட்ட அதே ஜனம், காசு கொடுத்துத் தானே போய் உட்கார்ந்த இடம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மதுரை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் ஸ்டுடியோ வந்தபோது, வீட்டாருக்கு ஒரு படம் என்பது வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ. பொண்ணு பார்க்க அனுப்புவதற்கு, கொழும்புக்கோ பினாங்குக்கோ போன மகனுக்கு அனுப்புவதற்கு, செத்தபின் மாட்டுவதற்கு. வரைந்த தோட்டமும் தூணும் கொண்ட திரை, கையில் ஒரு புத்தகம், மேசைமேல் கடிகாரம். நின்றவர் தன் சாதிக்கான மாதிரியாக அங்கே நிற்கவில்லை. தான் ஆக விரும்பிய ஆளாக நின்றார். இந்த விடுதலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அதற்கு ஒரு கட்டணமும் இருந்தது. அது ‘டச்சிங்’ மேசையில் வசூலானது.

அந்த மேசையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சாய்ந்த பலகை, நடுவில் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி, கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பும் ஒரு நிலைக்கண்ணாடி. கண்ணாடிமேல் நெகட்டிவ். அதில் எல்லாம் தலைகீழ்: கருத்த முகம் தெளிந்தும், வெள்ளை வேட்டி கருத்தும் தெரியும். பென்சில் பிடிக்கும்படி அதன்மேல் மெல்லிய மெழுகுபோன்ற திரவம் தடவி, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் கன்னத்திலும் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் நுண்ணிய சுழிகளாக இழைப்பார்கள். நெகட்டிவில் ஏறும் ஒவ்வொரு கரிக்கோடும் அச்சில் வெளுப்பாக விழும். அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழ்ப் பள்ளம் தூர்ந்துபோகும், முகம் முழுவதும் ஒரு சாயல் ஏறும். கை தேர்ந்தவர் செய்தால் பென்சில் பட்டதே தெரியாது. ஆண் படத்துக்குக் கொஞ்சம், பெண் படத்துக்கு நிறைய, கல்யாணத்துக்கு அனுப்பும் படத்துக்கு மிக நிறைய என்பது அந்தத் தொழிலின் எழுதாத விதி. நீல ஒளித் தகடு கறுப்பாக்கிய முகத்தை இந்தப் பென்சில் மீட்டுக்கொடுத்தது என்று பார்த்தால் அது ஒரு நியாயமான திருத்தம். ஆனால் எல்லா நிறத்தையும் சரியாக வாங்கும் பிலிம் வந்தபின்னும் பென்சில் நிற்கவில்லை. அதற்குள் வெளுப்பே ‘படம் நன்றாக வந்திருக்கிறது’ என்பதன் பொருள் ஆகிவிட்டது.

கலர் வந்தபோது இந்தப் பாரபட்சம் தொழிற்சாலையிலேயே ஏறி வந்தது. பிலிம் கழுவிப் படம் அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் பல பத்தாண்டுகளாக ஒரு வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. அந்த அட்டைக்கு ஷெர்லி என்றே பெயர். கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். கருமேனி மக்கள் குறைப்பட்டுக்கொண்டதால் பிலிம் மாறவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மர மேசை நாற்காலி விற்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்புச் சாயல்கள் படத்தில் பிரியவில்லை என்று புகார் சொன்னபிறகே மாறியது என்பது அவர் கண்டறிந்தது. தேக்குக்குக் கிடைத்த நீதி தோலுக்குத் தற்செயலாகக் கிடைத்தது. செல்போன் கேமராவில் தானாக வெளுக்கவைக்கும் ‘பியூட்டி’ வசதி இன்று டச்சிங் மேசையின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோர் பையிலும் இருக்கிறது.

சாமி படங்களின் கதை இதோடு பின்னியது. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் தேவிகளைப் பளிங்கு மேனியராக வீடு வீடாகக் கொண்டுபோனது. தெற்கே அந்த மரபைத் தமிழாக்கியவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணரை நாடிப் போய், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் தங்கி ஒரு சீடர் வரிசையையே உருவாக்கினார். சிவகாசி அச்சகங்கள் அவர்கள் வரைந்த முருகனையும் மீனாட்சியையும் லட்சக்கணக்கில் அச்சடித்தன. அந்த முகங்களின் அருளை நான் மறுக்கவில்லை. கொண்டையராஜுவின் கை பெரிய கை. ஆனால் நாடக மேடையில் பவுடர் பூசிய முகமும் ஸ்டுடியோவில் பென்சில் பட்ட முகமும் சேர்ந்தே அந்த முருகனைப் பெற்றன. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தூண்களில் கருங்கல்லில் நிற்கும் உருவங்களிடம் அழகு பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள், காலண்டரில் மட்டும் ரோஜா நிறத்தைச் சாமி நிறமாக ஏற்றுக்கொண்டார்கள். ஊரெல்லையில் கருப்பசாமி கறுப்பாகவே நின்றார். அவரைச் சட்டம் போட்டு வீட்டுக்குள் மாட்டுவது அரிது.

சினிமா இதை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு ஒரே படம் போதும். 2007-ல் வந்த ஷங்கரின் ‘சிவாஜி’. கதாநாயகன் கறுப்பு என்று நாயகி சொல்ல, அவன் வெளுக்கப் பாடுபடுவது நகைச்சுவை. பிறகு ஸ்பெயினில் பில்பாவ் நகரத்து அருங்காட்சியகத்தின் முன் எடுத்த பாடலில், ஐரோப்பியப் பெண் ஒருவரின் தோல் நிறத்தைக் கணினியில் எடுத்து ரஜினிகாந்தின் மேனியில் சட்டம் சட்டமாகப் பொருத்தினார்கள். இதைச் சாதனை என்றே விளம்பரப்படுத்தினார்கள். அதே படத்தில் கருமை பூசிய இரு பெண்கள், பார்த்தவுடன் பார்ப்பவர் ஓடவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வருகிறார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரியின் மகள்கள் பெயர். கறுப்புச் சட்டையை அரசியலின் அடையாளமாக்கிய மாநிலம் இது. கருத்த நாயகர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய சினிமாவும் இதுவே. அந்தச் சலுகை ஆணுக்கு. பெண்ணுக்குக் கருமை என்றால் இங்கே நகைச்சுவைப் பாத்திரம்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நிறவெறி என்பது வெள்ளையர் கறுப்பரை அடிமையாக்கிய வரலாற்றின் சொல். சாதிக்கும் நிற ஆசைக்கும் அதைப் பூசுவது தவறு என்பது. 2001-ல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் தலித் அமைப்புகள் சாதியைச் சேர்க்கக் கோரியபோது இந்திய அரசு எதிர்த்தது. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், சாதியை இனமாகக் கருதுவது அறிவியலுக்குப் புறம்பு என்று எழுதினார். உயிரியல் என்ற அளவில் அவர் சொன்னது சரி. சாதிக்கு நிறம் கிடையாது. கருத்த பிராமணரும் சிவந்த பறையரும் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் நம் கேள்வி சாதி இனமா என்பதல்ல. சாதியை இனமாகவே நடத்திய ஒரு படக்குவியல் எழும்பூரிலும் லண்டனிலும் அலமாரிகளில் இருக்கிறது. அது போலீஸ் நிலையம்வரை போனது. இல்லாத இனத்தைக் கேமரா உண்டாக்கிக் காட்டியது என்பதே இங்கே குற்றச்சாட்டு. வெளுப்பு ஆசை வெள்ளைக்காரனுக்கு முந்தியது என்ற மறுப்பும் உண்டு. உண்மைதான். வெயிலில் வேலை செய்யத் தேவையில்லாதவர் மேனி மேல் என்ற கணக்கு இங்கே பழையது, சாதியோடு ஒட்டியது. ஆனால் பழைய கணக்கில் அழகுக்குப் பல நிறம் இருந்தது. திருமாலின் கருமையை வர்ணித்தவர்கள் அதற்காக வருத்தம் தெரிவிக்கவில்லை. அச்சும் பிலிமும் அந்தப் பலவற்றை ஒன்றாகக் குறைத்து, விலை வைத்து, கடைக்கு அனுப்பின. 1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ அந்தக் கடையில் ஒரு டப்பா. 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகம் கொதித்தபின் அதன் பெயரில் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது.

இன்னொரு மறுப்பைத்தான் நான் கனமாக நினைக்கிறேன். இந்தப் படங்களை இழிவு என்று ஒதுக்கினால் ஏழைகளின் முகமே வரலாற்றில் இல்லாமல் போகும் அல்லவா? மொரீஷியஸில் 1860-களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கட்டுப்படுத்த எடுத்த அடையாளப் படங்கள் இன்று மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. தமிழ் வழிவந்தோர் பலர் தங்கள் மூதாதையர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். சாட்டையோடு எடுத்த படம் பேரப்பிள்ளைக்குப் பொக்கிஷமாகிறது. அம்பேத்கரும் இந்த அளவைகளைக் குப்பையில் போடவில்லை. 1948-ல் வெளிவந்த ‘தீண்டத்தகாதவர்கள்’ நூலில் மூக்களவைப் பட்டியல்களையே எடுத்து, பிராமணரும் தீண்டத்தகாதாரும் ஒரே இனம் என்றே உங்கள் எண்கள் சொல்கின்றன, உங்கள் அறிவியல் உண்மையானால் உங்கள் இனக்கொள்கை பொய் என்று மடக்கினார். ஆக, ஒதுக்குவது என் யோசனை இல்லை. அம்பேத்கர் செய்ததைக் கவனியுங்கள்: எண்ணை மட்டும் எடுக்கவில்லை; அது எதற்காக, யாரால் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே மேசைமேல் வைத்தார். மொரீஷியஸ் பேரனும் படத்தோடு கப்பலின் பெயர், பதிவு எண், தோட்டத்தின் பெயர் எல்லாம் கிடைத்ததால்தான் தன் ஆளைக் கண்டுபிடிக்கிறான். வேலை தெரிந்தால்தான் முகம் திரும்பக் கிடைக்கிறது.

நம் காலத்துச் சேகரிப்பாளர்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி முன்னின்ற திட்டம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் குடும்பப் படங்களைத் தேடி மின்னுருவாக்கியது. அரசுப் படக்குவியலுக்கு மறுபக்கத்தை அது சேமித்தது. 2017 இறுதியில் சென்னையில் நரேஷ் நிலும் பரத்வாஜ் சுந்தரும் கருமேனி மாடல்களை லட்சுமியாக, முருகனாக, சிவனாக நிறுத்தி எடுத்த படங்கள் பரவலாகப் பேசப்பட்டன. காலண்டரின் அதே ஒளிவட்டம், அதே நகை, மேனி மட்டும் வேறு என்பதால் அவை கூர்மையாகக் குத்தின. ஆனால் சாமியின் சாயலை மாற்றிவிட்டு மேடையை அப்படியே விட்டுவைத்தன என்பது என் குறை. இன்னும் தூரம் போனவர்கள் இருக்கிறார்கள். வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் தலித் குடும்பத்தையே, வீட்டுக்குள்ளிருந்து, பெயரோடும் உறவோடும் படமெடுக்கிறார். மதுரையின் எம். பழனிக்குமார் மலக்குழியில் இறங்குவோரின் குடும்பங்களைத் தொடர்ந்து எடுத்து வருகிறார். இவர்கள் படத்தில் கருமை கருமையாகவே இருக்கிறது, அதற்கு விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் யாருக்கு உறவு என்பதையும் மறைக்கவில்லை.

படத்தோடு அதைச் செய்த வேலையையும் எழுதிவைப்பது அரசு அருங்காட்சியகங்களுக்கும் அவசரப் பிரச்சினை. கீழடியை ஒட்டிய கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த மண்டையோடுகளிலிருந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூலின் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இரண்டு ஆண்களின் முகங்களை உருவாக்கி 2025-ல் வெளியிட்டன. ‘பழந்தமிழர் இப்படித்தான் இருந்தார்’ என்று அந்த முகங்கள் கைபேசி கைபேசியாகப் போயின. மண்டையோட்டை வைத்துத் தசையின் கனத்தையும் தாடையையும் மூக்கின் வாகையும் ஓரளவு கணிக்கலாம். எலும்பின் வடிவம் நிறத்தைச் சொல்லாது. அந்த முகங்களின் நிறம் இன்றைய தென்னிந்தியர் தோற்றத்தை வைத்துத் தரப்பட்டது. அதில் தவறில்லை, நியாயமான தேர்வு. ஆனால் அது தேர்வு. அதைப் படத்தோடு ஒட்டி எழுதாவிட்டால், நாளை இன்னொருவர் இரண்டு சாயல் வெளுக்கவைத்தோ கருக்கவைத்தோ தன் கட்சிக்குச் சான்றாக்குவார். மூக்களவையின் பேரன் அப்படித்தான் பிறப்பான்.

திண்டுக்கல் பக்கத்தில் இன்று பழைய படம் சேர்ப்பவர்கள் குறைவில்லை. ஊர்வரலாறு எழுதுபவர்கள், குலதெய்வக் கோயில் மலர் போடுபவர்கள், தாத்தா படத்தைத் தேடும் பேரன்கள். எல்லோரும் காகிதப் பிரதியைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். பென்சில் பட்டது தெரிவது நெகட்டிவில் மட்டும். மூடிய ஸ்டுடியோக்களின் பிலிம் நெகட்டிவ்கள் வெள்ளி எடுப்பவர்களிடம் எடைக்குப் போயின. கண்ணாடித் தகடுகளைக் கழுவிப் படச்சட்டத்துக்குப் போட்டுவிட்டார்கள். இன்னும் ஏதாவது ஒரு மாடியறையில் அட்டைப்பெட்டியோடு மிஞ்சியிருந்தால், அதைப் பிரதிக்கு முன்னால் எடுக்க வேண்டும். ஒருமுறை பின்னாலிருந்து வெளிச்சம் விட்டும், ஒருமுறை பக்கவாட்டில் சாய்த்து விட்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் மெழுகின் மினுமினுப்புக்கு நடுவே கரிச்சுழிகள் தனியாகத் தெரியும். எந்த முகத்தில் எவ்வளவு, அம்மாவுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, ஓரத்தில் நிற்கும் வேலைக்காரப் பையன் முகத்தில் ஒரு கோடாவது உண்டா என்று அப்போது எண்ணிப் பார்க்க முடியும்.